ஏழே கால் நிழல்

கிரேன் ஓட்டுகிறவர் தூரத்துத் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன அன்று பெட்டியை எடுத்துக்கொண்டார், குடையை எடுத்துக்கொண்டார், நிழலை மட்டும் வீட்டுத் தோட்டத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். காலை ஏழே கால் மணி நிழல் அது. வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவே நடைபாதையில் கால் ஊன்றி, பக்கத்துப் பாத்திகளின் குறுக்கே நீளமாகப் படுத்திருந்தது. முழங்காலும் பெட்டியும் தக்காளியில் விழுந்தன, இடுப்பு கத்தரியில், தோள் மிளகாயில், தலை மட்டும் மதிலோரம் குவித்துப் போட்டிருந்த உடைந்த செங்கல் மேட்டில். வெயில் உச்சிக்கு வந்தபோது அது சுருங்கவில்லை. மேற்கே சாய்ந்தபோது திரும்பவில்லை. மேகம் மூடிய நாளிலும் போட்டது போட்டபடி கிடந்தது.

வீட்டில் அதைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணில் விளக்கடித்து, "மேல இருந்து மூணாவது வரி தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்கிற பெண்மணிக்குத் தன் வீட்டு முற்றத்தில் ஓர் ஆள் நீளத்துக்குக் கிடந்தது தெரியவில்லை. கொடியில் காய்கிற துணியின் நிழல் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காலையில் அவசரமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு எட்டரைக்குக் கிளம்பினால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஏனென்றால் அவர் கிளம்பிய அன்றும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்று நாளாகப் பேச்சு வார்த்தை இல்லை. இருக்கிற வேலையே போதும், பிள்ளை வளர்கிற வயதில் அப்பன் ஊரில் இல்லாமல் எதற்கு அந்தச் சம்பாத்தியம் என்று அவள் சொல்ல, உனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொல்ல, அதோடு நின்றுவிட்டது. அன்று காலை வாசற்படியை ஒட்டிய குழாயடியில் குனிந்து பூவாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். "நான் கெளம்புறேன்" என்றார். "ம்" என்றாள். செருப்புச் சத்தம் நடைபாதையில் பாதி தூரம் போய் நின்றது. அது அவளுக்கு நன்றாகக் கேட்டது. நின்ற சத்தம் மறுபடி கிளம்பிப் போய், கேட் கிறீச்சிட்டுச் சாத்திக்கொள்கிறவரை வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாளி நிறைந்து வழிந்து காலெல்லாம் ஈரம். அவ்வளவு வீம்பு.

முதலில் வாடியது தக்காளி. அடி இலை மஞ்சளடித்து உதிர்ந்தது. தண்ணீர் அதிகம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊற்றினாள். தண்ணீர் போதவில்லை என்றார் எதிர் வீட்டுக்காரர். மறுபடி தினமும் ஊற்றினாள். கத்தரிப் பூ பூத்த கையோடு கொட்டியது, மிளகாய் இலை சுருட்டிக்கொண்டது. சோப்புக் கரைசலும் வேப்பெண்ணெயும் கலந்து அடித்தாள். நர்சரிக்காரர் வேப்பம் புண்ணாக்கு போடச் சொன்னார், போட்டாள். மண்புழு உரம் போடச் சொன்னார், போட்டாள். தொட்டியில் இருந்த ரோஜாவுக்குக்கூட அவள் அத்தனை உபசாரம் செய்ததில்லை. செடிகளோ நோஞ்சானாய், வெளிறிப்போய், இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிக்கொண்டு, நெரிசல் பஸ்ஸில் ஜன்னலைத் தேடுகிறவர்களைப் போல வளர்ந்தன. ஒரு சாண் தள்ளி நின்ற வெண்டை மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் தளதளவென்று காய்த்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் நாலு மூலையிலும் மண் தோண்டி, கலந்து, ஒரு கிலோ பையில் கட்டி மண் பரிசோதனை அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். மண் நல்ல மண், ஒரு குறையும் இல்லை என்று முடிவு வந்தது. அவள் விடவில்லை. நச்சரிப்பு தாங்காமல் அலுவலர் ஒரு விடுமுறை நாளில் நேரிலேயே வந்தார். நட்ட நடு மத்தியானம். பாத்தியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சலிப்போடு சொன்னார்: "மண்ணுல ஒண்ணும் இல்லம்மா. யாரு அங்க நிக்கிறது? கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க."

பத்து வயது மகள்தான் முதலில் ஓடிப்போய்ப் பார்த்தாள். "அம்மா, இது அப்பா பெட்டிம்மா. கைப்பிடி பிஞ்சு கயிறு கட்டிருக்குல்ல, அது கூடத் தெரியுது பாரு" என்றாள். அம்மா வந்து பார்த்தாள். கயிற்றின் முடிச்சு கூடத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நிழலுக்குள் ஒரு காலை வைத்தாள். கணுக்கால்வரை குளிர்ந்தது. அலுவலர் தன் பதிவேட்டில் 'வெளிச்சக் குறைபாடு' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

தெரு இதைப் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போனார்கள். போனில் கிரேன்காரரிடம் சொன்னாள். "அப்படியா, இங்க தேடிட்டே இருந்தேன். அடுத்த லீவுல வந்து எடுத்துக்குறேன், மிதிக்காம பாத்துக்க" என்றார். அடுத்த லீவில் வரவில்லை. அதற்கடுத்ததிலும் வரவில்லை. வாரம் ஒரு போன் மாதம் ஒன்றாயிற்று, பிறகு விசேஷத்துக்கு ஒன்றாயிற்று. நாலாம் வருஷம் அந்த எண் தற்சமயம் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. அங்கே வேறு குடும்பம் வைத்துக்கொண்டார் என்று சிலர் சொன்னார்கள். மனைவி காதில் வாங்கிக்கொண்டு, பூவாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

நர்சரிக்காரர்தான் ஒரு வழி சொன்னார். "ஆளை மாத்த முடியாதுன்னா செடியை மாத்துங்கம்மா. நெழல்ல வர்றதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு." அப்படித்தான் தக்காளி இருந்த இடத்தில் இஞ்சி வந்தது, கத்தரி இருந்த இடத்தில் மஞ்சள் வந்தது, தோள் பக்கம் கற்பூரவல்லி மண்டியது. இரண்டு வருஷத்தில் கிரேன்காரர் காலிலிருந்து கழுத்துவரை பச்சைப்பசேலென்று ஆகிவிட்டார். பெட்டி நிழலில் தோண்டிய இஞ்சியை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தாள். காரம் கொஞ்சம் தூக்கல் என்றார்கள். செடிகள் பிழைத்துக்கொண்டன. அவள்தான் பிழைத்தாளா இல்லையா என்று தெரியாமல் நடமாடிக்கொண்டிருந்தாள்.

மிச்சம் இருந்தது தலை. நடந்து போகிற ஆளின் பக்கவாட்டு நிழல் அது. மூக்கு கேட்டைப் பார்த்திருந்தால் மனிதர் நேராகப் போயிருக்கிறார் என்று அர்த்தம். குழாயடியைப் பார்த்திருந்தால் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். செங்கல் மேட்டின் கோணல் மாணலில் விழுந்ததால் அது மூக்கா காதா என்று பிரம்மாவுக்கே விளங்காது. செங்கலை அப்புறப்படுத்த எத்தனை நேரம் பிடிக்கும்? அரை நாள். அந்த அரை நாளுக்கு அவள் ஒன்பது வருஷம் பயந்தாள். போகட்டும், பார்க்காமலே போனார் என்று தெரிந்தால் காத்திருந்தது அத்தனையும் அசட்டுத்தனம். பார்த்துவிட்டுப் போனார் என்று தெரிந்தாலோ, பார்த்தபோது அவர் கண்டது தன் முதுகை. இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

கிரேன்காரரின் அக்கா வருஷத்துக்கு ஒரு முறை வருவாள். பிளாஸ்டிக் நாற்காலியை நிழல் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, "வெயில்ல நின்னு நின்னு கருத்துப் போயிட்டியேடா" என்று தம்பியின் நிழலைத் திட்டுவாள். பிறகு நாத்தனார் வேலையை ஆரம்பிப்பாள். "என் தம்பி திரும்பிப் பாத்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன்தான். நீதான் ஒரு வார்த்தை சொல்லல." இவள் இஞ்சிப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டே, "காப்பி ஆறுது, குடிங்க அக்கா" என்பாள். பிடுங்கியதில் பாதி களையாக இருக்காது.

ஒன்பதாம் வருஷம் இஞ்சி இலையின் நுனி கருகத் தொடங்கியது. பூச்சியோ பூஞ்சணமோ என்று ஓர் இலையைக் கிள்ளிக் கொண்டுபோய் நர்சரிக்காரரிடம் காட்டினாள். அவர் கையில் வாங்கிப் பார்த்த உடனே சொன்னார், வெயில் ஜாஸ்தி. வீட்டுக்கு வந்து நிழலைக் கூர்ந்து பார்த்தாள். பல தடவை துவைத்த துணி மாதிரி வெளுத்திருந்தது. பெட்டியின் கயிற்று முடிச்சைக் காணவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து, பத்தொன்பது வயது மகள் வந்து தூக்குகிறவரை, வாய் விட்டு அழுதாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு பழைய பருத்திப் புடவையை நாலு குச்சியில் கட்டி இஞ்சிக்கு நிழல் போட்டாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு செங்கலைத் தூக்க ஆரம்பித்தாள்.

செங்கலுக்கு அடியில் மண் இறுகிக் கிடந்தது. கொத்தி, உரம் கலந்து, சமமாக்கினார்கள். வெறும் மண்ணில் பார்த்தால் தலை ஒரு மங்கலான வட்டம், அவ்வளவுதான். அத்தனை வெளுத்துவிட்டது. யோசனை மகளுடையது: கீரை விதையை மணலோடு கலந்து நெருக்கமாகத் தூவினால், வெளிச்சம் பட்ட இடத்தில் முளைக்கும், நிழலில் முளைக்காது, ஓரம் பிசிறில்லாமல் தெரிந்துவிடும். தூவினார்கள். மூன்றாம் நாள் வெளியே பச்சை புள்ளி புள்ளியாக எழுந்தது. ஆறாம் நாள் உச்சந்தலை தெரிந்தது, முடி வெட்டிக்கொள்ளாமல் போனது தெரிந்தது. பக்க ஓரம் இரண்டும் இன்னும் கலங்கலாகவே இருந்தன. எட்டாம் நாள், புதன்கிழமை காலை ஏழே காலுக்கு, பூவாளியோடு வந்து நின்றபோது நடைபாதையில் நிழலே இல்லை. கால் இல்லை, பெட்டி இல்லை. பாத்தி முழுக்க வெயில், கண்ணைக் கூசும் வெயில்.

"முன்னாடியே செஞ்சிருக்கலாம்லம்மா!" என்று மகள் கத்தினாள். ஒன்பது வருஷக் கோபம் அது, ஒரே வரியில் வந்தது. நிழல் போன இடத்தில் தேங்கியிருந்த விதைகளும் இனி முளைத்துவிடும், எல்லாம் ஒன்றாகிவிடும், கேள்வியும் அதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டு, அம்மா பழக்கத்துக்குத் தண்ணீர் மட்டும் ஊற்றினாள்.

பதினோராம் நாள் துறைமுகத்திலிருந்து ஒருவர் வந்தார். கிரேன்காரரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெல்டர். கையில் கயிறு கட்டிய பெட்டி. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, புதன்கிழமை காலையில் என்றார். நெஞ்சு நோய், ஒரு வருஷமாகப் படுக்கை. வேறு குடும்பமெல்லாம் ஒன்றும் இல்லை. நாலாம் வருஷமே கீழே சரக்கு இறக்குகிறவர்கள் நிழல் இல்லாத ஆளுக்கு அடியில் நின்று வேலை செய்ய மாட்டோம் என்று அடம்பிடித்ததால் கிரேனை விட்டு இறக்கிவிட்டார்கள். கோணி தைக்கிற வேலைதான் கிடைத்தது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறதுன்னு கேப்பாருங்க. யாராவது நெழல் எங்கன்னு கிண்டல் பண்ணா, வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன், எடுக்கப் போகணும்னு சொல்லுவாரு. ஒவ்வொரு வருஷமும் சொல்லுவாரு."

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கிளம்பின அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஏதாவது சொன்னாரா? வெல்டர் யோசித்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். "இல்லிங்க. வீட்டைப் பத்திப் பேசுனா தோட்டத்தைப் பத்தி மட்டும்தான் பேசுவாரு. தக்காளி காய்ச்சிருக்கும்பாரு."

அவரை வழியனுப்பக் கேட்டுவரை போன மகள் திரும்பும்போது பாதி வழியில் நின்றுவிட்டாள். "அம்மா, இங்க வா. ஓடாத, மெதுவா வா." வெளியே தூவிய கீரை இரண்டு விரல் உயரம் நின்றது. நிழல் போன பிறகு முளைத்தது அரை விரல்தான் இருந்தது, வெளிர்பச்சை நிறத்தில். உயரக் கீரைக்குள் குட்டைக் கீரையாக, கத்தரித்து ஒட்டின மாதிரி அவர் தலை இருந்தது. நெற்றி, புருவ மேடு, சின்ன வயதில் விழுந்து கொஞ்சம் வளைந்த மூக்கு. மூக்கு குழாயடியைப் பார்த்திருந்தது. அதோடு அவள் ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்திராத ஒன்றும் இருந்தது. உதடுகள் சேரவில்லை. வாய் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்திருக்கிறார்.

காரியத்துக்கு வந்த நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு வழக்கமான பேச்சை எடுக்கவில்லை. இவளே சொன்னாள்: "அவரு பாத்தாரு அக்கா. நான்தான் பாக்கல." நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "விடு, விடு" என்றாள். இருவரும் அந்த இடத்தில் வெகு நேரம் நின்று அழுதார்கள்.

புடவைப் பந்தலுக்குக் கீழே இஞ்சி தேறிக்கொண்டது. பந்தலுக்கு வெளியே வெயில் விழுந்த இடத்தில் மறுபடி தக்காளி நட்டாள். கீரையை அறுத்துச் சமைத்துவிட்டு மறுபடி விதைத்தார்கள். மறுபடியும் அதே இடத்தில், அதே மூக்கோடு, அரை விரல் குட்டையாகவே வந்தது. நிழல் பட்ட மண் அப்படித்தான், சில மண்ணுக்கு மறதி கிடையாது என்று நர்சரிக்காரர் சொல்லிவிட்டு விதைப் பொட்டலம் மடிக்கப் போனார். மகளுக்குக் கல்யாணமாகி, பேரப்பிள்ளை அந்தப் பாத்தியோரம் நடை பழகியபோதும் கீரை அப்படியே வந்துகொண்டிருந்தது. கண்ணாடிக்கடை அம்மாவும் தினம் காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிப்பாள். ஏழே காலுக்குக் குழாயை மூடிவிட்டு, நிமிர்ந்து, நடைபாதையின் நடுவே பார்த்து, "சொல்லுங்க" என்பாள். கொஞ்ச நேரம் நின்று கேட்பாள். பிறகு "சரி, பாத்துப் போய்ட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, பூவாளியைத் தூக்கிக்கொண்டு தக்காளிக்குப் போவாள்.