இருபத்தொன்பதாம் அதிகாரம்

"உலர்ந்த எண்டால் என்னம்மா?"

"காய்ஞ்ச."

"காய்ஞ்ச எலும்பா? அப்பாக்கு ஏன் இதை வாசிக்கிறம்?"

ஜெஸ்ரின் குசினி மேசையில் முதல் வாசகத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. பத்து மணிக்கு அப்பாவின் அடக்கப் பூசை.

அழுது றோஸ்மலருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டு சொல்லுக்கு மேல் காற்றுத்தான் வந்தது. கணவர் இறந்த அன்று ஆஸ்பத்திரி கொடுத்த பையைப் பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அவிழ்த்தாள். கிறிஸ்துராஜாவின் மூக்குக்கண்ணாடியை அவரோடு சவப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது மடித்த துண்டு ஒன்று விழுந்தது. அவருடைய கையெழுத்து.

'என்ர பூசைக்கு எரேமியா 29. எலும்பு வேண்டாம்.'

கீழே திகதி. ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஒரு மாதம் முந்தியது.

லண்டனில் ஊராரின் செத்தவீடுகளில் அந்த எலும்புகளை வாசித்து வந்தவரே அவர்தான். எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் எலும்புகள் எழும்பும், கல்லறைகள் திறக்கும், சனம் சொந்த மண்ணுக்குத் திரும்பும். ஊர் இராணுவ முகாமாகி, செத்தவர்களைப் புதைக்கிற சேமக்காலையும் முள்ளுக்கம்பிக்குள் போன பிறகு அதுவே ஊராரின் வாசகம். அது இல்லாமல் யாரையும் புதைத்ததில்லை.

வேதப்புத்தகத்தை எடுத்து இருபத்தொன்பதாம் அதிகாரத்தைப் பிரித்தாள். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். திரும்ப நாளாகும். வீடு கட்டுங்கள். தோட்டம் போடுங்கள். இருக்கிற நகரத்துக்காக மன்றாடுங்கள்.

அவள் சுவரைப் பார்த்தாள். லண்டன் பிளேஸ்டோவில் இந்த வாடகை வீட்டுக்கு வந்து பத்தொன்பது வருடம். ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டுச் சொந்தக்காரன் தடுக்கவில்லை. "போகப்போற சனத்துக்கு என்னத்துக்கு ஆணி?" என்றவர் கிறிஸ்துராஜாதான். கலியாணப் படமும் ஜெஸ்ரினின் பட்டமளிப்புப் படமும் அலுமாரிக்கு மேலே சாய்ந்து நின்றன. வீடு வாங்குவோம் என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்கவில்லை.

மனதை எப்போது மாற்றிக்கொண்டீர்கள்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

றொனால்ட் கறுப்புக் கோட்டோடு உள்ளே வந்தார். கிறிஸ்துராஜாவின் சித்தப்பா மகன். ஊர்ச் சங்கத் தலைவர். அவள் துண்டை நீட்டினாள். அவர் நின்றபடியே வாசித்தார்.

"வருத்தத்திலை, ஆஸ்பத்திரியிலை கிடந்து எழுதினதாக்கும், அண்ணி."

அவள் திகதியைத் தொட்டுக் காட்டினாள்.

"என்ர மனிசியின்ர பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு எலும்பு வாசிச்சவர் அண்ணை. எங்கட ஊர் லூர்தம்மான்ர செத்தவீட்டிலையும் அவர்தான். இப்ப அவருக்கு மட்டும் இங்கயே இருங்கோ எண்டு வாசிச்சால்? எங்களுக்கு வாசிச்சதெல்லாம் பொய்யோ?"

அவர் கண் கலங்கியிருந்தது. அவளால் கோபப்படவும் முடியவில்லை.

"அம்மா, இதை எழுதவே மூண்டு நாள்," என்றாள் ஜெஸ்ரின். "இன்னொண்டு இப்ப ஏலாது. நீங்கள் வாசியுங்கோவன்."

றோஸ்மலர் வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

வெளியே கார் வந்து நின்றது.

கோயிலில் ஜெஸ்ரின் தடக்கித் தடக்கி வாசித்தாள். எலும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கல்லறைகள் திறந்தன. பின்வரிசையில் ஊர்க்காரி வசந்தமலர் "ஐயோ, எங்கட ஊர்!" என்று குளறி அழுதாள். சனம் முழுக்க அழுதது. துண்டு றோஸ்மலரின் கைக்குள் ஈரமாகிக் கிடந்தது.

புதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது றொனால்ட் கோயிலில் வைத்திருந்த கிறிஸ்துராஜாவின் பெரிய படத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்க மாட்டுறது, அண்ணி?"

அவர் சுவர்களைச் சுற்றிப் பார்த்தார். ஓர் ஆணியும் இல்லை.

"ஒரு சுத்தியலாவது இருக்கோ?"

இல்லை. அவர் படத்தை அலுமாரிப் பக்கம் கொண்டுபோனார். "அப்ப சாய்ச்சு வைப்பம்."

றோஸ்மலர் எழுந்து போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

"இதிலை."

ஜெஸ்ரின் போனை எடுத்து ஓடர் கொடுத்தாள். "நாளைக்கு வந்திடும், அம்மா. சுத்தியலும் ஆணியும்."

றொனால்ட் படத்தை இறக்காமல் நின்றார். றோஸ்மலர் கையை எடுக்கவில்லை.