முதுகெலும்பு பூரா பிடிச்சிருக்கு

1

இந்தக் கதை ஒரு வினைச்சொல்லில் பிறந்தது. மறைப்பானேன், அதைக் கேட்டபோது எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இப்போது எழுத உட்கார்ந்தால் கை பரபரக்கிறது.

முதல் தொடக்கம்: "நிணநீர்ப் புற்றுநோய் எலும்புக்குள் இறங்கும்போது..." [வேண்டாம். பாடப்புத்தகம்.]

இரண்டாவது: "அக்காவின் தொடையெலும்பில் ஓர் அந்தி..." [சீ! அவளுக்கு வலித்தது. அந்தியாம் அந்தி.]

சரி, நடந்ததையே சொல்கிறேன். அக்காவுக்கு அந்தப் புற்றுநோய்தான். தொடையெலும்பிலும் இடுப்பிலும் இறங்கியிருந்தது. கீமோவுக்குக் கேட்கிறதா என்று பார்க்கப் பாதியில் ஒரு பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சர்க்கரையோடு சேர்ந்த கதிர்மருந்தை ஏற்றுவார்கள். உடம்பில் எது ஓயாமல் வேலை செய்கிறதோ, அது மருந்தை இழுத்துக்கொண்டு படத்தில் எரியும்.

2

ஸ்கேன் அறைக் கதவு சாத்தாமல் கிடந்தது. டெக்னீஷியன் போனில் டாக்டரிடம் சொன்னார்:

"சார், முதுகெலும்பு பூரா நல்லா பிடிச்சிருக்கு."

வெளியே நானும் மாமாவும். மாமா, அதாவது அக்கா புருஷன், பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார். "பூராவுமா பிடிச்சிருச்சு?"

(அவர்கள் பேச்சில் பிடிப்பது மருந்து. நம் பேச்சில் பிடிப்பது நோய். அக்காவைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் கேட்டபோதும் மாமா இதே சொல்லைத்தான் சொன்னாராம். இதை இங்கே நுழைத்தால் அழகு கூடிப்போகும். நுழைத்துவிட்டேன், விடுங்கள்.)

3

டாக்டர் வந்தார். "கீமோவுக்கு அப்புறம் வெள்ளை அணு ஏத்துற ஊசி போட்டீங்களா?"

"ஆமா சார், போன வாரம்" என்றார் மாமா.

"ஸ்கேனுக்கு முன்னாடி வேற மருந்து உண்டான்னு கேட்டதுக்கு இல்லன்னு சொல்லியிருக்கீங்களே?"

"மருந்துதானே சார் கேட்டாங்க? இது ஊசி!"

டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த ஊசிதான் எலும்பு மஜ்ஜையைப் போட்டு விரட்டி வேலை வாங்குது. அதான் முதுகு பூரா ஒரே சீரா எரியுது. நோய்னா பெரும்பாலும் திட்டுத் திட்டா நிக்கும்."

"அப்ப பழைய எடம்?"

"அடங்கின மாதிரிதான் இருக்கு. ஆனா இவ்வளவு வெளிச்சத்துல சின்னது ஒளிஞ்சிருந்தா தெரியாது. ஊசி வேகம் அடங்கட்டும், மறுபடி எடுப்போம்."

மாமா அழுகையும் சிரிப்புமாக நின்றார். விஷயம் தெரிந்ததும் அக்கா சொன்னாள்: "இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு எலும்பு எரியாம இருக்குமா?"

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அப்பப்பா!

4

இன்று அந்த மறுபடி ஸ்கேன். அக்கா உள்ளே இருக்கிறாள். மாமா வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். நான் பெஞ்சில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே போகும்போது அக்கா மிரட்டினாள்: "கதையில என்னைச் சாகடிச்ச, உன்னைக் கொன்னுடுவேன்டி."

முடிவு ஒன்று: படம் சுத்தம். மாமா டாக்டரைக் கட்டிப்பிடிக்கிறார்.

முடிவு இரண்டு: தொடையில் ஒரு சின்னப் புள்ளி [மாட்டேன். முடிக்கமாட்டேன், போங்கள்.]

முதலாவதை நான் எழுதினால், கூடப்பிறந்தவள் வேறென்ன எழுதுவாள் என்பீர்கள். அவளை முன்பின் தெரியாத நீங்கள் எழுதினால் அதற்கு மதிப்பே வேறு. இந்தாருங்கள் பேனா. சீக்கிரம், டாக்டர் கதவைத் திறக்கிறார்.