அளவுக்கு நின்ற ஆள்

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரே அம்மா. வாரத்தில் ஆறு நாள், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், வருகிறவர்களைப் பலகையோடு ஒட்டி நிறுத்தி, "மூச்ச இழுங்க, அடக்குங்க, அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் ஓடிப் பொத்தானை அமுக்குவது அவள் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக அதே மூன்று கட்டளை. தூக்கத்தில்கூட உளறுவாள் என்று வீட்டுக்காரர் கேலி பண்ணுவார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கேமராவை எடுத்துக்கொண்டு, குளிர்காலத்தில் பனி விழும் பக்கத்து மலைக்குப் போவாள். அங்கேயும் படம்தான், ஆனால் அருவிப் படம். ஊரில் யாராவது, "என் பொண்ண ஒரு போட்டோ எடுத்துக் குடுங்களேன்" என்று கேட்டால் மூஞ்சியில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். "ஆளுங்களப் படம் புடிக்கிறது ஆறு நாள் வேலை. ஏழாவது நாள் எனக்குத் தண்ணி போதும்."

கூடப் போகிறவர் அவள் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். பிள்ளைகள் வைத்த பெயர் பம்பரம். சும்மா சொல்லக் கூடாது, பொருத்தமான பெயர். மனுஷன் சாப்பிடும்போதுகூட நாற்காலியில் ஒழுங்காக உட்கார மாட்டார். பேப்பர் படிப்பதும் நடந்துகொண்டேதான். கேமரா முக்காலியையும் தண்ணீர் பாட்டிலையும் தோளில் போட்டுக்கொண்டு, இவள் ஒரு வளைவு ஏறுவதற்குள் அவர் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போய்விடுவார்.

சாலை ஓரத்து அருவிகளுக்குக் கூட்டம் வரும். இவர்கள் போவது மேலே, இரண்டரை மணி நேரம் ஏற வேண்டிய ஒன்றுக்கு. வருஷத்துக்கு நாலு தடவை, பருவத்துக்கு ஒன்று, தப்பவே தப்பாது. வசந்தத்தில் பனி உருகிப் பேயாகக் கொட்டும். கோடையில் இரண்டு நூலாக இளைத்துப்போகும். இலையுதிர்காலத்தில் சுனை முழுக்கச் செம்மஞ்சள் சருகு சுற்றும். குளிர்காலத்தில் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் மட்டும் தண்ணீர் முணுமுணுத்துக்கொண்டு இறங்கும்.

அவள் எடுக்கும் விதமே தனி. லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டி, எட்டு விநாடி திறந்து வைப்பாள். அப்படி வைத்தால் அருவி வெள்ளைத் துணி காயப்போட்டது மாதிரி விழும். பாறை பாறையாகவே இருக்கும். அசைகிறது எதுவோ அது மட்டும் கரைந்துபோகும்.

ஆனால் படத்தில் ஓர் ஆள் நிற்காவிட்டால் அருவி இருபது அடியா எண்பது அடியா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் அளவுக்கு ஓர் ஆள் வேண்டும். சுனைக்கு அக்கரையில் ஒரு தட்டைக் கல்லை முதல் வருஷமே தேர்ந்தெடுத்தாள். "அந்தக் கல்லுதான். வேற எடத்துல நின்னா படம் கெட்டுடும்." பம்பரமும் ஆரஞ்சு நிற மழைச்சட்டையைப் போட்டுக்கொண்டு, சமர்த்தாகப் போய் அதில் ஏறி நிற்பார்.

நின்றால்தானே! ஒவ்வொரு தடவையும் படத்தில் அவர் இருந்த இடத்தில் ஓர் ஆரஞ்சுத் தீற்றல்தான் இருக்கும்.

"எட்டு விநாடி நிக்க முடியலையா உங்களால? எண்பது வயசுக் கிழவி எங்கிட்ட வந்து செல மாதிரி நிக்கிறா!"

"அவங்களுக்கு உன்னப் பாத்து பயம். நான் தாலி கட்டினவன், எனக்கென்ன பயம்?"

"அங்கேருந்து என்னமோ கத்தினீங்களே, அதுவேற. என்ன கத்தினீங்க?"

"ஒண்ணுமில்ல. தண்ணிகிட்ட பேசிட்டிருந்தேன்."

இப்படியே பதின்மூன்று வருஷம். ஐம்பத்திரண்டு தீற்றல்.

போன வருஷம் வசந்தத்துக்கு முன்னால் பம்பரம் போய்விட்டார். அதற்கப்புறமும் நாலு பருவமும் அவள் தனியாக ஏறினாள். முக்காலியைத் தானே சுமந்தாள். படங்கள் நன்றாகத்தான் வந்தன. ஆனால் கல் காலியாக இருந்ததால் அருவிக்கு உயரமே இல்லாமல் போயிற்று. குழாயடித் தண்ணீர் மாதிரி இருந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாமியார் போன் பண்ணினார். அவர் வேறு ஊரில், மகள் வீட்டில் இருக்கிறார்.

"அம்மாடி, கண்ணு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. திங்கக்கெழம கட்டப் பிரிச்சாங்க. உலகமே வெள்ளாவி வெச்ச மாதிரி பளிச்சுன்னு இருக்கு."

"ரொம்ப சந்தோஷம் அத்தை."

"உன் நாத்தனா மூஞ்சியப் பாத்தேன். இவ்வளவு வயசாயிடுச்சாடி உனக்குன்னேன். கோச்சுக்கிட்டு உள்ள போயிட்டா." சிரித்தார். "எனக்கு ஒண்ணு வேணும்மா. மலைக்குப் போற ஞாயித்துக்கெழம தவறாம போன் பண்ணி, அம்மா, அருவிக்கடியில நிக்கிறேன்னு சொல்லுவான். அந்தப் படத்துல ஒண்ணு அனுப்பு. கல்யாணப் படமெல்லாம் வேணாம், அதுல அவன் பயந்துபோய் இருக்கான். அருவிகிட்ட அவன் எப்படி இருந்தான்னு பாக்கணும்."

"அனுப்பறேன் அத்தை" என்று சொல்லிவிட்டாள். வாய் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் எந்தப் படத்தை என்று யோசித்தாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. நாலாயிரத்துச் சொச்சம் படம். வசந்தத்துப் படங்களில் அவர் ஒரு தீக்கொழுந்து. கோடையில் தோல் உரித்த பழம். இலையுதிர்காலத்தில் சருகுக் கூட்டத்தோடு கலந்து, எது அவர் எது சருகு என்றே பிரிக்க முடியவில்லை. குளிர்காலத்துப் படங்களில் மட்டும் கொஞ்சம் தேவலை. இரண்டு பூட்ஸும் முழங்காலும் கல்லில் செதுக்கின மாதிரி தெளிவாக இருந்தன, அதற்கு மேலேதான் கலங்கல். குளிருக்காவது மனுஷன் அடங்கினாரே என்று அப்போது நினைத்திருந்தாள்.

முகம் ஒன்றில்கூட இல்லை. அருகே போய், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சும்மா ஒரு 'க்ளிக்' பண்ணியிருக்கலாம். ஒரு தடவை. பதின்மூன்று வருஷத்தில் ஒரு தடவை. ஏழாவது நாள் எனக்குத் தண்ணி போதும் என்று சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

அவள் எடுத்ததிலேயே அவர் அசையாமல் நின்ற படம் ஒன்றே ஒன்று. அது பீரோவில் துணிகளுக்கு அடியில், பழுப்பு உறைக்குள் இருந்தது. இரண்டு மாச இருமலுக்குப் பிறகு, அவளே பலகையோடு நிறுத்தி எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே. மூச்ச இழுங்க என்றாள், இழுத்தார். அடக்குங்க என்றாள், அடக்கினார். மயிரிழை அசையவில்லை. பாடப் புத்தகத்தில் போடலாம், அத்தனை தெளிவு. டாக்டர் பார்ப்பதற்கு முன்னாலேயே நுரையீரலில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள். வெளியே வந்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னிக்காவது ஒழுங்கா நின்னேனா?" என்று கேட்டார்.

உறையைத் திறக்காமலே திரும்ப வைத்தாள். அதை ஒரு தாய்க்கு அனுப்ப முடியுமா என்ன?

கடைசியில் குளிர்காலத்துப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு பிரிண்ட் கடைக்குப் போனாள். கடைக்காரர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார்.

"மேடம், அருமையான படம். ஆனா இங்க ஏதோ கற பட்டிருக்கு பாருங்க. ஆரஞ்சா. தொடச்சிடட்டுமா? ரெண்டு நிமிஷ வேல."

"அது கற இல்ல."

"லென்ஸ்ல தூசியா இருக்கும்."

"என் வீட்டுக்காரர்" என்றாள்.

கடைக்காரர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். கேட்டதைவிட ஒரு சைஸ் பெரிதாகவே போட்டுக் கொடுத்தார்.

தபாலில் அனுப்பிவிட்டு ஐந்து நாள் போனைக் கண்டாலே பயம். ஏமாற்றிவிட்டாய் என்பாரா, என் பிள்ளையை இப்படியா வைத்திருந்தாய் என்பாரா? ஆறாவது நாள் டூட்டி முடிந்து உடுப்பு மாற்றும்போது மணி அடித்தது.

"வந்துடுச்சும்மா" என்றார் மாமியார். "உன் நாத்தனா, என்னம்மா இது ஒண்ணும் தெரியலங்கறா. அவளுக்குத்தான் கண்ணு ஆபரேஷன் பண்ணணும். அவனேதான். வயித்துல இருக்கும்போதே ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்ல. ஒத ஒதன்னு ஒதப்பான். மூஞ்சி இருந்திருந்தாத்தான் வேற யாரோன்னு நெனச்சிருப்பேன்."

அவள் லாக்கர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா, நீ எங்க இதுல?"

"நான் எடுக்கிறவ அத்தை. நான் எப்படி இருப்பேன்?"

"உன்ன யாரு எடுப்பா?"

அவள் லாக்கரில் சாவியைத் திருப்பினாள்.

"உன்னதும் ஒண்ணு அனுப்பு. அவன் நின்ன எடத்துல. பக்கத்துல பக்கத்துல மாட்டறேன்."

மூன்று வாரம் கழித்து, பனி உருக ஆரம்பித்ததும் ஏறினாள். பாதையெல்லாம் சேறு. மூச்சு வாங்கும்போது நிற்க வேண்டியிருந்தது. முன்னால் போய்த் திரும்பி வந்து, "என்ன, வண்டி ரிப்பேரா?" என்று கேட்க ஆள் இல்லை. அருவி பேயாகக் கொட்டிக்கொண்டிருந்தது. முக்காலியை வழக்கமான இடத்தில் ஊன்றி, கறுப்புக் கண்ணாடியை மாட்டி, எட்டு விநாடி வைத்து, ரிமோட் பொத்தானைக் கையில் எடுத்துக்கொண்டு சுனையைச் சுற்றி அக்கரைக்குப் போனாள். ஆரஞ்சு மழைச்சட்டை முழங்காலுக்குக் கீழே தொங்கியது.

இத்தனை வருஷத்தில் அந்தக் கல்லில் அவள் கால் வைத்ததே இல்லை.

வலது காலை வைத்தாள். கல், 'டக்' என்று ஒரு பக்கம் சாய்ந்தது. பதறி இடது காலையும் வைத்தாள். மறுபக்கம் சாய்ந்தது. நேராக நிற்கப் பார்த்தாள், நேராக நிற்க நிற்க அது தாலாட்டியது. போதாததற்குப் பின்னாலிருந்து சாரல் வந்து பிடரியில் ஊசியாகக் குத்தியது. அந்தக் கல்லில் எந்தக் கொம்பனாலும் எட்டு விநாடி அசையாமல் நிற்க முடியாது. குளிர்காலத்தில் அடியில் பனி உறைந்து கல்லைப் பிடித்துக்கொண்டபோதுதான் அந்தக் கால்கள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

கல்லு ஆடுது. அதைத்தானே கத்தியிருப்பார்? அருவி இரைச்சலில் இவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கி வந்ததும் சொல்லியிருக்கலாம். ஆனால் வேறு இடத்தில் நின்றால் படம் கெட்டுவிடும் என்று முதல் வருஷமே சொன்னவள் அவள்தான்.

"சொல்லியிருக்கலாம் இல்ல?" என்று உரக்கக் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

பழக்கத்தில் மூச்சை இழுத்தாள், அடக்கினாள், பொத்தானை அமுக்கினாள். எட்டு விநாடி அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கல் ஆடியது. அவளும் ஆடினாள். படம் எப்படி வந்திருக்கும் என்று போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை.

காலடியில் கிடந்த ஒரு சில்லை எடுத்துக் கல்லுக்கடியில் முட்டுக் கொடுக்கக் குனிந்தாள். சரியாகப் பொருந்தியிருக்கும். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டுச் சுனையில் போட்டாள். நிமிர்ந்து எதிரே பார்த்தாள். அக்கரையில் முக்காலி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது, அதற்குப் பின்னால் அசையாதீங்க என்று கத்த ஆளில்லாமல்.