விண்கலம் இறக்கிய வியாழக்கிழமை

கரும்பு வெட்டுக்கு ஜோடி வேணும். ஒருத்தர் அடியில வெட்டிச் சாய்க்கணும், இன்னொருத்தர் சோகையை, அதான் காஞ்ச தோகையை, உரிச்சு, கொழுந்தைக் கழிச்சு, கட்டு கட்டணும். புருசன் வெட்டுவான், பொண்டாட்டி கட்டுவா. பெரும்பாலும் அப்படித்தான். என் ஜோடி கவியரசன், என் வூட்டுக்காரன். கல்யாணம் ஆன மறு மாசத்திலிருந்து அவன் வெட்டினதை நான் கட்டியிருக்கேன். சாயங்காலம் அந்தக் கட்டுகளைத் தலையில் வெச்சுப் பலகை ஏறி லாரியில் அடுக்குறதும் நாங்கதான்.

ஏத்துறதும் இறக்குறதும் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதனாலதான் அந்த விண்கலத்தை இறக்குறதைப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன்.

போன வருசம் வடக்கனந்தலில் வெட்டு நடந்தப்ப, சோத்து நேரத்தில் ஷாலினி போனில் காட்டினாள். ஒண்ணா வெட்டப் போற எங்க செட்டில் அவள்தான் சின்னவள், அவள் கையில்தான் நல்ல போன். வானத்திலிருந்து ஒரு கூண்டு குடை விரிச்சுக் கடலில் விழுந்தது. ஆள் இல்லாமல் சோதனைக்கு அனுப்பினதாம். இந்த வருசம் மாசி பொறந்ததும் இன்னொரு சேதி வந்தது. அதுக்கு இனிமேல் வேலை இல்லை, மெட்ராஸில் ஒரு மியூசியத்துக்குக் கொண்டுவந்து வைக்கப்போறாங்க, வியாழக்கிழமை மத்தியானம் கிரேன் வெச்சு லாரியிலிருந்து இறக்குவாங்க, ஜனங்க வேலிக்கு வெளியே நின்னு பார்க்கலாம்.

ஷாலினி போனை வாங்கிப் போட்டோவை எல்லாருக்கும் சுத்திக் காட்டினேன்.

"இன்னாடி இது, அடி தீஞ்ச இட்லி குண்டான் மாரி இருக்குது?" என்றாள் ஆயம்மாக்கா. செட்டில் மூத்தவள் அவள்.

"மேல போய்ட்டு வந்ததுக்கா. எறங்கற சூட்டுல கருகிப்போச்சு."

"எத்தினி வாட்டி போச்சு?"

"ஒரே வாட்டி."

"ஒரு வாட்டி போனதுக்கு ரிட்டயர்மென்ட்டா? சடங்கு ஆன வருசத்துலருந்து வெட்டிக்கினு இருக்கறன். என்னை எந்த மியூசியத்துல வெப்பாங்க?"

"உன்னை வெச்சா டிக்கெட்டு வாங்கனவன் காசைத் திருப்பிக் கேப்பான்" என்றார் மேஸ்திரி பச்சமுத்து. அன்னிக்கு எல்லாரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம்.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னேயே கேட்டேன். "மேஸ்திரி, அந்த ஒரு வியாழக்கெழம லீவு வுடு. செட்டே போய்ப் பாத்துட்டு வருவோம்."

"பாத்து இன்னாடி பண்ணப் போற எழிலு?"

"நாம ஒரு லோடு ஏத்தறதுக்குள்ள நாலு கட்டு அறுந்து வுழுவுது. அவங்க அவ்ளோ கனத்த ஒரு கீறல் இல்லாம எறக்கணும். அத நான் பாக்கணும்."

இறக்கி வெச்ச பிறகு யார் வேணாலும் எப்ப வேணாலும் பார்க்கலாம். எனக்கு இறக்குறதுதான் வேணும். பச்சமுத்து தலையைச் சொறிஞ்சார். கச்சிராயபாளையம் வெட்டைப் புதன்கிழமைக்குள்ள முடிச்சால் வியாழன் லீவு என்றார். எல்லார் எதிரிலும் சொன்னார்.

அதுக்காக ஞாயித்துக்கிழமை வெட்டினோம். மயானக்கொள்ளைத் திருவிழா அன்னிக்குக்கூட வெட்டினோம். ஆத்தங்கரையில் பம்பை மேளச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நாங்கள் சோகைக்குள்ளே முகம் கிழிய நின்னோம். செட்டில் யாரும் முணுமுணுக்கலை. கவியரசன்தான் எல்லாரையும்விட ஆர்வமாய் இருந்தான். வேன் பேசுறது என் பொறுப்பு என்றான். ஜன்னல் சீட்டு எழிலுக்குத்தான், சண்டைக்கு வராதீங்க என்றான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கட்டு கட்டிக்கொண்டே எல்லாரும் பேசினோம். நான் புளிச்சோறு, ஷாலினி வடை. ஆயம்மாக்கா, "எனக்கு வண்டியில வாந்தி வரும்டி, எலுமிச்சம்பழம் எடுத்துக்கோ" என்றாள். நான் எடுத்து வெச்சேன்.

புதன்கிழமை கடைசி லோடு போச்சு. வூட்டுக்கு வந்து குளிச்சேன். கவியரசன் ஒரு பையைத் தூக்கிக்கிட்டு, "வேன்காரனைப் பாத்துட்டு வரேன்" என்று பொழுது இருக்கவே போனான். கொடியில் துணி எடுக்கும்போது என் வேலைச் சட்டையைக் காணலை. காத்து அடிச்சிருக்கும் என்று விட்டேன். நாளைக்கு அது தேவையில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் மேற்கே புகை எழுந்தது. கரும்பு எரியுற புகை. அந்த வாசனையும் அந்தச் சடசடப்பும் எங்களுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தெருவே வெளியே வந்து பார்த்தது. கண்ணாயிரத்தோட கரும்புக் கொல்லை என்றார்கள். அவருடைய போர்க்கிணத்தில் தண்ணி வத்தி, கரும்பு பூ தள்ளி, எடை இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சர்க்கரை மில்லு கொடுத்த வெட்டு ஆர்டர் அடுத்த மாசம்தான். மில்லில் போய்க் கத்திப் பார்த்தார், காலில் விழுந்தும் பார்த்தார். "ஐயோ பாவம், மனுசனுக்கு இதுவும் வரணுமா" என்று நான் சொன்னேன். வாய் விட்டுச் சொன்னேன், அதுதான் இப்பவும் எரியுது.

கவியரசன் தலை நனைஞ்சு வந்தான். வாய்க்காலில் குளிச்சேன் என்றான். வேன் பேசியாச்சு, விடியறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையண்ட நில்லு, நான் முன்னாடி போய் வண்டியைக் கூட்டிகினு வரேன் என்றான்.

என் தம்பி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவையைக் கட்டிக்கொண்டு டீக்கடை எதிரில் நின்னேன். தலை நிறைய மல்லி. கையில் புளிச்சோத்துத் தூக்கு. டீக்கடைக்காரர், "இன்னாம்மா, விசேஷமா?" என்றார். "மெட்ராஸ் போறோம், விண்கலம் பாக்க" என்றேன். சொல்லும்போது எனக்கே கொஞ்சம் வெக்கமாய் இருந்தது, பெருமையாயும் இருந்தது.

வந்தது வேன் இல்லை. மேஸ்திரி எப்பவும் வெட்டுக்கு ஆள் ஏத்துற டெம்போ. பின்னால் எல்லாரும் நின்னுகொண்டிருந்தார்கள். ஆயம்மாக்கா செத்துப்போன புருசனோட முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். ஷாலினி தலையில் துண்டு. சாக்கில் சுத்தின அரிவாளுங்களோட கைப்பிடி தெரிஞ்சது.

எனக்கு அப்பவும் விளங்கலை.

"ஏங்க்கா, இந்தச் சட்டையோடவா மெட்ராஸ் வர? உன்னையப் பாத்து விண்கலம் திரும்ப மேல பூடும்" என்றேன்.

யாரும் சிரிக்கலை. ஷாலினி துண்டை இன்னும் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள்.

மேஸ்திரி முன்னாலிருந்து இறங்கினார். "எழிலு, கோச்சிக்காத. கண்ணாயிரம் கொல்ல எரிஞ்சி போச்சில்ல. எரிஞ்ச கரும்பு கெடந்தா புளிச்சிடும். ஒடனே வெட்டச் சொல்லி மில்லுக்காரன் ஆர்டர் குடுத்துட்டான். நம்ம செட்டுதான் சும்மா இருக்குது."

நம்பினேன். அதைச் சொல்லிவிடணும். தீ என்றால் தீதான், யார் என்ன செய்ய முடியும் என்று நினைச்சேன். வூட்டுக்குப் போய்ப் புடவையை மாத்திக்கொண்டு வரேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கவியரசன் டெம்போவிலிருந்து குதிச்சான். "வூட்டுக்குப் போவ வேணாம். இந்தா." பையை நீட்டினான். உள்ளே என் வேலைச் சட்டை, பழைய பாவாடை, என் அரிவாள். அரிவாள் புதுசாய்ச் சாணை பிடிச்சு மின்னியது.

நேத்துப் பொழுது இருக்கவே அவன் தூக்கிக்கொண்டு போன பை அது.

"இத எப்ப எடுத்த?"

"நேத்துதான்."

"நேத்து எப்ப?"

அவன் பையை என் கையில் திணிச்சான்.

"நீ பைய எடுத்துனு போவும்போது எந்தக் கொல்லையும் எரியலையேய்யா. வெட்டப் போறோம்னு உனக்கு யாரு சொன்னது?"

டெம்போ இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. டீக்கடைக்காரர் ஆத்துறதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"நீ கொளுத்துனியா?"

"மெதுவா பேசுடி."

"நீதான் கொளுத்துனியா?"

"கண்ணாயிரந்தான் கேட்டாரு. அவரு கொல்ல, அவரு கரும்பு. யாரு வூட்டுக் கூரையையும் நான் கொளுத்தல." பிறகு குரலை இறக்கினான். "இதுக்குப் பதிலா அடுத்த பருவத்துக்கு மேஸ்திரி எனக்குத் தனி செட்டு பிரிச்சுத் தராரு. நானே மேஸ்திரி. உனக்கும் சேத்துதான பண்றன்? அந்தக் குண்டான் எங்க ஓடிடப் போவுது, அங்கதான இருக்கும்?"

நான் அவனை விட்டு மத்தவங்களைப் பார்த்தேன். அவன் ஒருத்தன் என்றால் அதை எப்படியாவது முழுங்கியிருப்பேன்.

"ஆயம்மாக்கா, உனக்குத் தெரியுமா?"

நேருக்கு நேர் கேட்டால் அவளுக்குப் பொய் வராது. "தெரியும்டி."

"எப்ப?"

"செவ்வாக்கெழம காலைலயே."

"சாயங்காலம் எலுமிச்சம்பழம் எடுத்து வெக்கச் சொன்னியேக்கா."

"இன்னா பண்ணச் சொல்ற? எரிஞ்ச கரும்புல சோகை உரிக்கிற வேல இல்ல. கை கிழியாது. ரெண்டு நாள் வேலைய ஒரு நாள்ல பாத்துடலாம். உங்கிட்டச் சொன்னா நீ குறுக்க நிப்ப. அதான் யாரும் சொல்லல." தோளைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "எனக்கும் வயசாயிடுச்சுடி எழிலு."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் தோளில் இருக்கிற புண்ணை நான் பார்த்திருக்கேன். ஆனாலும் இத்தனை பேர் ரெண்டு நாளாய் என் மூஞ்சியைப் பார்த்து வடை, ஜன்னல் சீட்டு என்று பேசியிருக்கிறார்கள். நான் சிரிக்கச் சிரிக்கக் கூடச் சிரிச்சிருக்கிறார்கள்.

கள்ளக்குறிச்சிக்கு மொத டவுன் பஸ் வந்து நின்னது. நான் பையைக் கீழே வெச்சேன்.

"ஏறாத எழிலு. இன்னிக்கி எனக்கு யாரு கட்டு கட்டுவாங்க?"

"தீப்பெட்டிய ஜோடி சேத்துக்கோ."

ஏறிட்டேன். புளிச்சோத்துத் தூக்கைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்று பஸ் கிளம்பின பிறகு ஒரு நிமிசம் தோணியது. அந்தப் புத்தியை நினைச்சு எனக்கே ஆத்திரம் வந்தது.

கள்ளக்குறிச்சியில் மெட்ராஸ் பஸ் கிளம்ப நேரமாச்சு. வேனில் போயிருந்தால் மத்தியானத்துக்கு முன்னே வேலி ஓரம் நின்னிருப்போம். பஸ் ஒவ்வொரு ஊரிலும் ஆளை ஏத்தி இறக்கியது. விழுப்புரம் தாண்டும்போதே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. பக்கத்துச் சீட்டுப் பையன் போனில் நேரலை ஓடியது. கிரேன் கொக்கி, பெல்ட்டு, ஜனங்க தலை. "பாக்கறீங்களாக்கா?" என்று சாய்ச்சான். வேணாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பினேன். போனில் பார்க்குறதுன்னா வடக்கனந்தல் கொல்லையே போதும், மெட்ராஸ் எதுக்கு.

கிண்டியில் இறங்கி வழி கேட்டுக் கேட்டு மியூசியம் போய்ச் சேர்ந்தபோது நீளமான ஒரு லாரி கேட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அத்தனை சக்கரம் வெச்ச லாரியை நான் பார்த்ததில்லை. தட்டு காலி. பெல்ட்டை அவிழ்த்த கொக்கிகள் மட்டும் அடிச்சுக்கொண்டிருந்தன. ஓரமாய் ஒதுங்கி அதுக்கு வழி விட்டேன்.

வாட்ச்மேன், "முடிஞ்சிடுச்சும்மா. தார்ப்பாய் போட்டு மூடிட்டாங்க. தெறப்பு விழா ஆனப்புறம் வாங்க" என்றார்.

"எறக்கும்போது ஆடுச்சா?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்? நான் கேட்டுலதான நின்னுகினு இருந்தன்."

கம்பி வழியே தூரத்தில் நீலத் தார்ப்பாய் தெரிஞ்சது. கிரேன் கையை மடிச்சுக்கொண்டிருந்தது. ரெண்டு ஆளுங்க பெல்ட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள், மெத்தையைச் சுருட்டுற மாதிரி, அவசரமில்லாமல். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன்.

போன் அடிச்சது. கவியரசன்.

"எங்கடி இருக்க? ஒரு லோடு வெட்டிக் கெடக்குது, கட்ட ஆளில்ல. மேஸ்திரி கத்தறாரு. வந்துடு. அடுத்த வாரம் நானே உன்னக் கூட்டிகினு போறன். சத்தியமா."

"அடுத்த வாரம் யாரு கொல்லய கொளுத்தற?"

நானே போனை அணைச்சேன்.

ஒரு நாள் பார்க்காமல் போனதால் நான் செத்துவிட மாட்டேன். நாளைக்கும் வேலைக்குப் போகணும், போகாமல் சோறு இல்லை. ஆனா அவன் வெட்டிச் சாய்ச்சதைக் குனிஞ்சு எடுக்க என் இடுப்பு இனி வளையாது. கூடச் சிரிச்சவங்களோட உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது.

விஜயலட்சுமிக்குப் போன் போட்டேன். கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் கூட்டிப் போகிறவள். அங்கே ஜோடி கிடையாது. தனித்தனி ஆள், தனித்தனிக் கூலி.

"ஆளு வேணுமாக்கா?"

"வேணும். உன் வூட்டுக்காரனும் வரானா?"

"இல்ல. நான் மட்டும்."

"மலையில தங்கணும். குளுரு ஜாஸ்தி. போர்வ எடுத்துனு வா" என்றாள்.

சரி என்றேன். கள்ளக்குறிச்சி பஸ் எங்கே நிக்கும் என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.