முடிவு பார்க்காத படம்

தையல் கூடத்தில் அவளுக்கு 'ரிவ்யூ' என்று பெயர். பள்ளிச் சீருடை தைக்கும் இடம் அது. காஜா மெஷினில் உட்கார்ந்து, நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடுவாள். திங்கட்கிழமை டீ நேரத்தில் மட்டும் எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"என்ன ரிவ்யூ, அந்தப் பேய்ப் படத்துக்குப் போகலாமா?" என்பார் கட்டிங் மாஸ்டர்.

"பேயைப் பார்த்து யாரும் பயப்படல மாஸ்டர். பேய்தான் எங்களைப் பார்த்துப் பயந்துச்சு. மொத்தமே பத்துப் பேரு, அதுல பாதிப் பேரு தூக்கம்."

"போலீஸ் படம்?"

"ஹீரோ மழையில முக்கா மணி நேரம் சண்டை போடறாரு. சட்டை கிழியுது, மண்டை உடையுது, தலைமுடி மட்டும் கலையல. அந்த எண்ணெய் பேரு தெரிஞ்சா போதும், காசு கொடுத்ததுக்குச் சரியாப் போயிடும்."

கூடமே சிரிக்கும். அவள் சரி என்ற படத்துக்குக் குடும்பத்தோடு போவார்கள். உதட்டைப் பிதுக்கினால் போக மாட்டார்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. எந்தப் படத்தையும் அவள் கடைசி வரை பார்த்ததில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் பகல் காட்சிக்குப் போவாள். கூடப்பிறந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. அதனால் அக்கா மகளைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து இவள்தான் அழைத்து வர வேண்டும். தாமதமானால் காப்பகத்தம்மா குழந்தையை வாசலில் நிறுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவாள். அதனால் கதை உச்சத்துக்குப் போகும்போது ரிவ்யூ செருப்பைத் தேடிக்கொண்டிருப்பாள். முடிவைக் கேட்டால், "அதைச் சொல்லிட்டா அப்புறம் என்ன சுவாரஸ்யம்?" என்று சமாளித்துவிடுவாள். முக்கால்வாசி பார்த்தால் மீதி தெரியாதா என்ன? இதுவரை யாரும் வந்து சண்டை போட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை அவள் சைக்கிள் படத்தைப் பற்றிச் சொன்னாள். ஓர் அப்பனும் சின்னப் பையனும் பழைய சைக்கிளில் ஊர் ஊராகப் போகிற கதை. "அந்தப் பொடியன் பேசற பேச்சு இருக்கே, வயிறு வலிச்சுடுச்சு."

இஸ்திரி அக்கா அன்று தன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அருகில் வந்தாள். அவளுடைய ஒரே மகன் போன வருடம் ஏரியில் மூழ்கிப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவள் வேலைக்கு வருவாள், வீட்டுக்குப் போவாள், அவ்வளவுதான். டீ நேரத்தில்கூட யாரோடும் உட்கார மாட்டாள்.

"வீட்டுக்காரர் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, ஒரு படத்துக்காவது போயிட்டு வரலாம்னு," என்றாள். "அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

'நான் முடிவு பார்க்கலக்கா' என்ற சொல் ரிவ்யூவின் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? அத்தனை சிரிப்புப் படத்தில் என்ன ஆகிவிடப்போகிறது?

"ஒண்ணும் ஆகாதுக்கா. சிரிச்சுக்கிட்டே வரலாம். என்னை நம்பிப் போங்க."

ஞாயிற்றுக்கிழமை அவசர ஆர்டர் என்று எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார்கள். இஸ்திரி அக்கா மட்டும் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். மதியச் சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்துத்தான் கட்டிங் மாஸ்டர் கத்தரியோடு காஜா மெஷின் பக்கம் வந்தார்.

"ஏம்மா ரிவ்யூ, நல்லா இருப்பியா நீ? சிரிக்கலாம்னு சொல்லி அனுப்பிட்ட. கடைசியில அந்தப் பொடியனைத் தண்ணியில முக்கிட்டானே டைரக்டர்! நேத்துப் பார்த்துட்டு வந்து என் பொண்டாட்டி இன்னும் சரியாச் சாப்பிடல."

ரிவ்யூவின் கால் பெடலிலிருந்து நழுவியது.

"மாஸ்டர், இஸ்திரி அக்கா எந்த ஷோ போயிருக்காங்க?"

"பகல் காட்சின்னுதான்..." மாஸ்டர் வார்த்தையை முடிக்கவில்லை. அவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

இஸ்திரி அக்காவின் போன் அணைந்திருந்தது. ரிவ்யூ துப்பட்டாவில் ஒட்டிய நூலைக்கூடத் தட்டாமல் தியேட்டருக்கு ஓடினாள்.

"படம் முடியப் போகுதும்மா, இப்ப எதுக்கு டிக்கெட்?" என்றார் கவுன்ட்டர்க்காரர்.

"பரவாயில்ல, கொடுங்க."

இருட்டில் கண் பழகும் முன்பே அக்காவின் குரல் கேட்டுவிட்டது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் அந்தப் பொடியன் சைக்கிள் மணியைக் கழற்றி வைத்துக்கொண்டு அப்பனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். அவள் கணவர் படத்தைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தச் சிரிப்பை நிறுத்தவா வந்தோம் என்று ரிவ்யூவுக்கு ஒரு கணம் திரும்பிப் போய்விடலாம் போல இருந்தது. பிறகு வரிசைக்குள் குனிந்து நுழைந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

"ஐயோ, என்னடி? யாருக்கு என்ன ஆச்சு?" அக்காவின் முகம் செத்துப்போனது. அவள் பிடித்திருந்த பாப்கார்ன் முழுவதும் தரையில் சிதறியது.

வெளியே, சுவரொட்டிகள் ஒட்டிய சுவரோரம் நின்று ரிவ்யூ இருவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். காப்பகம், எழுந்து ஓடுவது, முடிவே பார்க்காதது.

"பார்க்காமலேயா சொன்ன?" அக்காவின் கணவர் கையை ஓங்காத குறைதான். "இவளை வெளிய கூட்டிட்டு வர நான் பட்ட பாடு தெரியுமா உனக்கு? வா, நாம போலாம்."

"என்ன ஆகுது அவனுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"தண்ணியில... அக்கா, வேணாமே."

அக்கா அசையவில்லை. "அன்னிக்கும் இப்படித்தான். பார்க்காத, பார்க்காதன்னு கரையிலேருந்து ஆளாளுக்கு இழுத்துட்டு வந்தீங்க. வீட்டுக்குக் கொண்டு வந்தப்பவும் முகத்தை மூடிட்டீங்க. இன்னும் எத்தனை நாளைக்கு என்னை வெளிய இழுத்துக்கிட்டே இருப்பீங்க?"

அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கணவர் இரண்டடி எடுத்துவைத்து நின்றுவிட்டார். படியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ போம்மா," என்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. "அவ பக்கத்துல உக்காரு. என்னால முடியாது."

ரிவ்யூ போய் அவர் இடத்தில் உட்கார்ந்தாள். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்திருந்தாள். திரையில் பொடியன் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்தான். "அப்பா! அப்பா!" என்று அலறினான். கைகள் மேலே வந்தன, போயின. வயலின்கள் உயர்ந்தன. முன் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"இப்படிக் கத்தமாட்டாங்க," என்றாள் அக்கா. துணியில் சுருக்கம் இருக்கிறது என்று சொல்கிற அதே குரல். தணிவாகக்கூடச் சொல்லவில்லை.

"உஷ்" என்றது முன் வரிசை.

"சத்தமே வராது. நான் அங்கதான் துணி அலசிக்கிட்டிருந்தேன், இதோ, இந்த வரிசைக்கும் அந்தத் திரைக்கும் உள்ள தூரம்கூட இல்ல. கேட்டிருந்தா திரும்பியிருக்க மாட்டேனா? ஒரு சின்னச் சத்தம் கேட்டிருந்தா?"

"அம்மா, பேசணும்னா வீட்டுக்குப் போய்ப் பேசுங்க!" என்று ஒருவர் திரும்பினார்.

"பொய்யா எடுத்திருக்காங்க," என்றாள் அக்கா அவரிடம். "இதைப் பார்த்துட்டுப் போறவங்க, சத்தம் கேக்கும்னு நினைச்சு உக்காந்திருப்பாங்க."

அவர் ரிவ்யூவைப் பார்த்தார். ரிவ்யூ வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.