அன்னகூட நாளில் பதினொரு நிமிடம்

டாக்டர் நவீன்சந்திர ஓஸா கோவிலுக்குள் நுழைந்தால் குழந்தைகள் அழும். ஒஹாயோவின் அந்தச் சிற்றூரில் முப்பது வருடமாகப் பிறந்த குஜராத்திக் குழந்தைகள் அத்தனை பேர் தொடையிலும் ஊசி போட்டவர் அவர். கோவில் தலைவரும் அவர்தான். வாசலில் நின்று வரவேற்க வேண்டாம் என்று கமிட்டி ஒருமுறை மிகுந்த பணிவோடு தீர்மானம் போட்டது.

அவருடைய கிளினிக்கில் ஒரு பலகை உண்டு. தடுப்பூசி வேண்டாம் என்பவர்கள் வேறு டாக்டரைப் பார்க்கலாம். அதைக் காட்டி எத்தனையோ வெள்ளைக்காரப் பெற்றோரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஜசுபாயின் மகள் ஊர்வி பையனைத் தூக்கிக்கொண்டு வந்து, ஊசிக்கு நாலு வயது ஆகட்டும் என்று இழுத்தபோது மட்டும் பலகை அவர் கண்ணில் படவில்லை. "ஒண்ணும் அவசரமில்லம்மா" என்றார். ஒரு தாயிடம் அவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை.

ஜசுபாய்க்கு நெடுஞ்சாலையில் ஆறு மோட்டல்கள். கோவிலோ முன்பு பௌலிங் விளையாட்டுக்கூடமாக இருந்த கட்டடம். தரையில் பந்து உருட்டும் அம்புக்குறிகள் இன்னும் அழியவில்லை. பக்தர்கள் அதன்மேல்தான் வரிசையில் நிற்பார்கள். சாலையிலிருந்து பார்த்தால் மெத்தை விற்கும் கடை என்று தோன்றும். மேலே கோபுரம் போல ஒரு சிகரம் எழும்ப வேண்டும் என்பது ஓஸாவின் பன்னிரண்டு வருடக் கனவு. அதற்குப் பணம் தருவதைப் பற்றி ஜசுபாய் யோசித்துக்கொண்டிருந்தார்.

தீபாவளிக்கு மறுநாள் அன்னகூடம். சுவாமிக்கு முன்னால் ஐம்பத்தாறு வகைப் பண்டங்கள் படிப்படியாக ஏறியிருந்தன. கரண்டியால் பஞ்சாமிர்தம் வார்ப்பது தலைவரின் வேலை. வரிசையில் வந்த பிள்ளைகள் அவரைக் கண்டதும் அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்தார்கள். ஊர்வியின் மகன் த்யேய் மட்டும் ஓடி வந்து, அண்ணாந்து வாயை அகலத் திறந்தான். ஊசியே அறியாத பிள்ளைக்கு அவரிடம் என்ன பயம்?

ஓஸாவுக்கு மனம் குளிர்ந்தது. கரண்டியைச் சாய்த்தபோது உள்கன்னம் தெரிந்தது. சிவந்த சதையில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். கண்கள் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"அலர்ஜி, அங்கிள். வீட்ல பூனை வந்திருக்கு" என்றாள் ஊர்வி.

ஓஸா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு ஒன்பது. ஜசுபாய் அப்போதுதான் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியிருந்தார்.

இன்னொரு முறை பார்த்து உறுதி செய்யலாம் என்று ஓஸா தனக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு மணி நேரமாக இங்கே இருமிக்கொண்டிருந்தவன், இன்னும் சில நிமிடத்தில் என்ன ஆகிவிடப்போகிறது? ஜசுபாய் தன் தகப்பனாருக்கு நன்றி சொன்னார். மைத்துனருக்குச் சொன்னார். முதல் மோட்டலில் தானே மடித்த போர்வைகளைப் பற்றிச் சொன்னார். பன்னிரண்டேகாலுக்குக் கதவு திறந்து பக்தி என்ற இளம்பெண் உள்ளே வந்தாள். ஓஸாவிடம் ஊசி போட்டு வளர்ந்தவள். கையில் நாற்பது நாள் குழந்தை, முதல் தரிசனம். இடம் காலியாக இருந்ததால் ஊர்வியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓஸா பார்த்தார். கரண்டி கையிலேயே இருந்தது.

சிகரம் முழுவதும் தன் பொறுப்பு என்றார் ஜசுபாய். கைதட்டல் அடங்கியபோது பன்னிரண்டு இருபது. அதன் பிறகு ஓஸாவுக்குள் தலைவர் போய் டாக்டர் வந்தார். ஒலிபெருக்கியை வாங்கி, இங்கே ஒரு குழந்தைக்குத் தட்டம்மை என்று சந்தேகம், பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று நிதானமாகச் சொன்னார். கூட்டம் வாசலுக்கு ஓடவில்லை. பிரசாத மேசைக்கு ஓடியது. ஐம்பத்தாறு வகையும் அலுமினியத் தட்டுகளில் ஏறிய பிறகே கூடம் காலியானது.

ஜசுபாய் அவர் காதோரம் வந்தார். "ஆரத்தி முடியற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்க முடியலையா, ஓஸாபாய்?"

ஓஸா பெயர் எழுதிய தாள்களைச் சேகரித்தார்.

சாயங்காலம் சுகாதாரத் துறையின் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அறிகுறியை முதலில் கவனித்த நேரம் என்று ஒரு கட்டம். அவர் பேனாவை அதன்மேல் வைத்திருந்தார். கிச்சடி ஆறிக்கொண்டிருந்தது.

"பன்னெண்டு ஒம்பது" என்றாள் மனைவி தருலதா. "நீங்க கடிகாரத்தைப் பாத்தீங்க. நான் உங்களைப் பாத்துட்டிருந்தேன்."

"அப்போ உறுதியாத் தெரியலை, தரு."

"கைதட்டினப்புறம் தெரிஞ்சுதா?"

ஓஸா கட்டத்தை நிரப்பினார். பன்னிரண்டு ஒன்பது. பிறகு பக்தியைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார். பாதுகாப்புக்கு ஒரு ஊசி போட வேண்டும் என்றார்.

"நல்லவேளை நீங்க அங்க இருந்தீங்க அங்கிள். வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

அதோடு போனை வைத்துவிடலாம். தருலதா தட்டைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"பக்தி, நீ வரும்போது மணி பன்னெண்டேகால்" என்றார் ஓஸா. "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

மறுமுனையில் குழந்தை அழ ஆரம்பித்தது. பக்தி போனை வைக்கவில்லை.