வடக்குச் சுவர்

கட்டிலை இழுத்தபோது சுவரும் கொஞ்சம் கூடவே வந்தது.

ஹெல்வியின் கணவர் ஆர்வோ செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். இன்று சனி, ஒரு மணிக்கு தேவாலயத்தில் ஆராதனை. நோயாளிக் கட்டிலை வாடகைக்கு விட்டவர்கள் காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஹெல்வி கறுப்பு கவுனோடு அதைத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலைமாட்டுக் கம்பி வடக்குச் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் உரிந்தது. உள்ளே பலகை, பாலில் ஊறிய ரொட்டி மாதிரி. விரலை வைத்தாள். விரல் உள்ளே போயிற்று.

"அண்ணி, என்ன சத்தம்? வீட்டை இடிக்கிறீங்களா?" ஆர்வோவின் தங்கை சிர்க்கா அடுப்படியிலிருந்து கேட்டாள். அவள் காப்பிக்குக் கூட வைக்க ஏலக்காய் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. அந்தக் கத்தியைக் கொஞ்சம் குடு."

ஒரு தட்டு அகலத்துக்கு வெட்டியெடுத்தாள். குளிர் தாங்க உள்ளே அடைத்த, மஞ்சளாக இருக்க வேண்டிய கண்ணாடிப் பஞ்சு பூசணம் பிடித்துக் கறுத்துப் பிசுபிசுவென்று கிடந்தது. பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஷீட் இல்லை. கையை முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினாள். இல்லவே இல்லை.

வெளியே மைனஸ் முப்பது டிகிரி குளிரில், வீட்டுக்குள் விடுகிற மூச்சும் குழம்பு கொதிக்கிற ஆவியும் குளிரைத் தேடிச் சுவருக்குள் போகும், போய் அங்கேயே தண்ணீராகும். அதைத் தடுக்கத்தான் ஷீட். இது ஹெல்விக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதில் அப்பா உர்ஹோ ஷீட் அடிக்க, சிவப்பு டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தவள் அவள்தான். ஊசி முனை அளவு ஓட்டையென்றாலும் அவர் மொத்தத்தையும் பிரித்து மறுபடி அடிப்பார். வட்டாரத்தில் உர்ஹோவின் சுவர் என்றால் அப்படியொரு பேர். அவர் மகளுக்குக் கல்யாணப் பரிசாகக் கட்டிய வீடு இது.

நாலு வருஷத்துக்கு முன் ஆர்வோவுக்கு நெஞ்சு கெட்டபோது டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல ஈரம், பூசணம் ஏதாவது உண்டா?" என்றுதான். ஹெல்வி வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த அப்பா சொன்னார்: "நான் கட்டின வீடு டாக்டர். எலும்பு மாதிரி காஞ்சு கிடக்கு. இவரு புறா வளக்கிறாரு, அதைப் பாருங்க." டாக்டரும் தலையாட்டினார். அந்த மாதமே நாற்பது புறாக்களும் போயின. கூண்டைப் பிரித்ததும் அப்பாதான். ஆர்வோ அன்று முழுக்க ஜன்னல் பக்கமே வரவில்லை. புறா போயும் இருமல் போகவில்லை. இந்தச் சுவரோரம் தலையை வைத்தேதான் கடைசி வரை படுத்திருந்தார்.

ஒவ்வொரு மே மாதமும் அப்பா வந்து இந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். "மாப்பிள்ளைக்கு வெளிச்சமா இருக்கட்டும்." எப்பேர்ப்பட்ட மாமனார் என்று அக்கம்பக்கமே மெச்சியது.

ஹெல்வி நிலவறைக்கு இறங்கினாள். அப்பா வைத்துவிட்டுப் போன பெயிண்ட் டப்பா அலமாரியில் இருந்தது. அழுக்கைத் துடைத்துப் படித்தாள். ஷீட் இல்லாத பழைய சுவர்களுக்கு. நீராவி உள்ளே போகாமல் தடுக்கும். படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. சொந்த அப்பா தன்னை நாலு வருஷம் முட்டாளாக்கி வைத்திருந்தார்.

மேலே பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"கிளம்பலையாம்மா? வண்டியைச் சூடாக்கி வச்சிருக்கேன்."

அவள் மேலேறி வந்தபோது உர்ஹோ படுக்கையறையில் நின்றிருந்தார். ஓட்டையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். என்ன இது என்று கேட்கவில்லை. அவர் கேட்டிருக்கலாம் என்று ஹெல்விக்குத் தோன்றியது.

"ஷீட் எங்கப்பா?"

"கல்யாணத்துக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. இந்த ஒரு சுவருக்கு ரோல் பத்தல. காலையில பலகை அடிக்கிறவங்க வந்து நின்னுட்டாங்க. அப்புறம் பிரிச்சு அடிச்சுக்கலாம்னு…"

"அப்புறம்?"

"நீங்க குடிவந்துட்டீங்க."

"டாக்டர் கேட்டாரே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே."

உர்ஹோ தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் சுவரை யாரும் இதுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்ல ஹெல்வி. பெயிண்ட் போதும்னு நெனச்சேன்."

"அவர் புறாவையெல்லாம் குடுத்தாருப்பா."

வாசலில் சிர்க்கா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். "மாமா, பெட்டியைத் தூக்கும்போது முன்னாடி இடப்பக்கம் நீங்கதான் பிடிக்கணும். அண்ணன் அதைத்தான் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. மாமா பிடிச்சா ஆடாதுன்னு சிரிச்சுச்சு."

மூன்று பேரும் உர்ஹோவின் வண்டியில் போனார்கள்.

ஆராதனை முடிந்தது. தரை உறைந்து கிடப்பதால் புதைப்பது மே மாதம்தான். அதுவரை கல்லறைத் தோட்டத்து அறையில் வைப்பார்கள். சவப்பெட்டியை வண்டிக்குத் தூக்க ஆறு பேர் வந்து நின்றார்கள். உர்ஹோ கையுறையைக் கழற்றிவிட்டு முன் இடப்பக்கக் கைப்பிடியைப் பிடித்தார்.

"விடுங்கப்பா."

"ஜனங்க பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். விடுங்க."

அவர் விட்டார். அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தன் கைப்பையை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"தூக்குங்க," என்றாள். மற்ற ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மேல்படியில் உர்ஹோ அந்தக் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி, வெளியே வருகிறவர்களை வழிமறித்து நின்றுகொண்டிருந்தார்.